பொழிமுகத்தில் ஒரு நடைபாலம்: குமரிக் கடற்கரைப் பாதைத் திட்டம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமே உடையது. அதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டி அமைந்திருக்கின்றன. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறும், கடியப்பட்டணத்தில் வள்ளியாறும், மணக்குடியில் பழையாறும் கடலில் சேர்கின்றன. இவை போகச் சிற்றாறுகளும் ஓடைகளும் உண்டு. கடலோரமாகவே நடந்து வரும் ஒருவரை ஒவ்வோர் ஆற்றுமுகமும் நிறுத்தி உள்நாட்டுச் சாலைக்குத் திருப்பிவிடும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு இடையே போய்வர, மேலேயுள்ள சாலைப் பாலம் வரை சென்று சுற்றி வர வேண்டிய நிலை பல இடங்களில் இன்றும் இருக்கிறது.

அத்தகைய இரண்டு ஊர்களை இணைக்க, நடப்பவர்களுக்கும் மிதிவண்டியில் செல்பவர்களுக்கும் மட்டுமாக ஒரு கடலோரப் பாதையும், அதன் நடுவே ஆற்றைக் கடக்க ஒரு பாலமும் அமைக்கப்பட்ட நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். ஊர்களின் பெயர்களையும் மனிதர்களின் பெயர்களையும் தவிர்த்து, மேற்கு ஊர், கிழக்கு ஊர் என்றே குறிப்பிடுகிறேன். வடிவமைப்புக் குழுவில் கட்டமைப்புப் பொறியாளராக நான் பணியாற்றினேன். எனவே இங்கே குறையாகச் சொல்லப்படும் முடிவுகளில் பல என்னுடையவை.

திட்டத்துக்கான பணம் சுற்றுலா நோக்கில் ஒதுக்கப்பட்டது. காலையும் மாலையும் நடப்பவர்களுக்கு, சூரியன் மறைவதைப் பார்க்க வருபவர்களுக்கு, கடலை ஒட்டி 4 மீட்டர் அகலத்தில் நடைபாதை வேண்டும் என்பதே எங்களிடம் தரப்பட்ட குறிப்பு. அதில் மீன் என்ற சொல்லே இல்லை. பாதை கடக்க வேண்டிய ஆற்றிலோ பல தலைமுறைகளாகக் கடத்துவள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. மேற்கு ஊரின் பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கு ஊர்ப் பிள்ளைகள் அதில்தான் வந்தார்கள். கிழக்கு ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மேற்கு ஊர்க் கர்ப்பிணிகள் அதில்தான் போனார்கள். ஆனி, ஆடியில் ஆறு பெருகினால் வள்ளம் நின்றுவிடும்.

முதல் அளவீடும் அதன் பிழையும்

முதல் நில அளவை மாசிக் கடைசியில் நடந்தது. அப்போது ஆற்றில் நீர்வரத்துக் குறைந்து, கடல் தள்ளிய மணல் மேடு வாயை அடைத்திருந்தது. ஆறு கடலோடு சேரும் வாயை இப்பகுதியில் பொழி என்பார்கள். அடைபட்ட பொழியின் மேல் கால் நனையாமல் நடந்தே அக்கரை சேர்ந்தோம். வரைபடத்தில் நதி ஒரு சிறு குளம்போலத் தெரிந்தது. அந்த மணல் திட்டின் மேல் கற்களால் அணைகட்டி, நடுவே குறுகிய பாலம் ஒன்றைப் போட்டால் போதும், செலவும் குறையும் என்று முதல் வரைவைத் தயாரித்தோம்.

வரைவைப் ஊர்த் தேவாலயத்தின் பங்குப் பேரவைக் கூட்டத்தில் விரித்துக் காட்டியபோது, கரையில் நின்றே இழுக்கும் பெருவலையான கரைமடியை இழுப்பவர்களில் மூத்தவர் ஒருவர் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு எங்களை வெளியே அழைத்துச் சென்றார். கரையில் நின்ற தெங்குகளில் ஒன்றைக் காட்டி, "சாரே, பொழி இங்கயேதான் இருக்கும்ணு உங்களுக்கு யாரு சொன்னா? இந்தத் தெங்குக்க நேரா அது வெட்டின வருசமும் உண்டு, அந்தா அந்தக் குருசடிக்க பக்கத்துல வெட்டின வருசமும் உண்டு" என்றார். அந்தத் தெங்குக்கும், குருசடி என்று அவர் சொன்ன சிறு சிலுவைக் கோயிலுக்கும் இடையே நூறு மீட்டருக்கும் மேல் தூரம். நாங்கள் பாலம் குறித்திருந்த இடம் இந்த இரண்டிலும் சேரவில்லை.

பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே உறுதிப்பட்டது. இந்த மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறுவது. ஆகவே பொழி முறியும், அதாவது அடைத்த மணல் உடைந்து வாய் திறக்கும், வாய்ப்பும் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. நீவாடு என்று மீனவர்கள் சொல்லும் கடல் நீரோட்டம் மணலை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதைப் பொறுத்து ஆறு தன் வாயை மாற்றிக்கொள்ளும். அதன்மேல் கல்லணை கட்டியிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: வெள்ளம் அணையைச் சுற்றிப் புதிய வாய் வெட்டியிருக்கும், அல்லது தேங்கிய நீர் இரு ஊர்களின் தாழ்வான வீடுகளுக்குள் ஏறியிருக்கும். 2021 நவம்பரில் குமரி மாவட்டம் கண்ட வெள்ளத்தை நினைத்தால், இரண்டாவது இன்னும் மோசமானது.

மணக்குடியில் பழையாற்றின் வாயருகே இருந்த பாலத்தை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பெயர்த்தெடுத்ததை இரு ஊர்க்காரர்களும் மறக்கவில்லை. கூட்டத்தில் அதைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. நேர்மையான பதில் ஒன்றுதான்: அத்தகைய அலையை எதிர்த்து நிற்கும் நடைபாலத்தை இந்தப் பணத்தில் கட்ட முடியாது, ஆண்டுதோறும் வரும் வெள்ளத்தையும் கடல் சீற்றத்தையும் தாங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். அப்படியே சொன்னோம்.

கரையில் கண்டவை

இரண்டாம் முறை ஆனியில் போனோம். இந்த முறை கருவிகளை இறக்குவதற்கு முன் மூன்று நாள் விடியற்காலையில் கடத்துக்கடவில் உட்கார்ந்து, யார் யார் கடக்கிறார்கள் என்று மட்டும் எழுதினோம். காலை 7 மணிக்குள் கடந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மேற்கு ஊர் ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தில் ஐஸ் போட்டு, சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக் கிழக்கே உள்ள சந்தைகளுக்குப் போகிறவர்கள். பின்னால் கட்டிய பெட்டியோடு மிதிவண்டியில் மீன் விற்கப் போகும் ஆண்கள் அடுத்து வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் எட்டு மணிக்கு மேல். நடைப்பயிற்சிக்கென்று வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கடலை ஒட்டிக் குறிக்கப்பட்டிருந்த பாதை, கரைமடி இழுக்கும் களத்தின் நடுவே போவதையும் அப்போதுதான் கண்ணால் கண்டோம். கரைமடியின் இரு கயிறுகளையும் இரண்டு வரிசை ஆட்கள் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். அதற்கு மேடுபள்ளம் இல்லாத அகலமான மணல் வேண்டும். அங்கே விளிம்புக் கல்லோடு ஒரு பாதையை வைப்பது அவர்கள் காலடியில் தடுக்கு வைப்பதற்குச் சமம். ஆற்றின் உட்பகுதியில், கிழக்குக் கரையோரம், அலையாத்தி மரங்களின் சிறு கூட்டமும் இருந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், 2011ஆம் ஆண்டினதும் 2019ஆம் ஆண்டினதும், அலையாத்திக் காடுகளையும் மணற்குன்றுகளையும் மிகவும் பாதுகாக்கப்பட வேண்டிய பிரிவில் வைத்திருக்கின்றன. அலையாத்தி 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் தாங்கல் பகுதியும் உண்டு. இங்கே பரப்பு அதைவிடக் குறைவு. எனினும் ஒரு மரத்தையும் வெட்டாத வழியைத்தான் தேடினோம்.

இந்த மூன்று நாள்களுக்குப் பிறகு குறிப்பின் முதல் வரியை மாற்றி எழுதும்படி கோரினோம். பாதை தலைச்சுமையோடு நடப்பவர்களுக்கும், மிதிவண்டியில் மீன் கொண்டுசெல்பவர்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் உரியது; காற்று வாங்க வருபவர்கள் அதில் தாராளமாக நடக்கலாம். இந்த வரிசை மாறியதால் பின்னர் எடுத்த எல்லா முடிவுகளும் மாறின.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பாலத்தைப் பொழியிலிருந்து உள்ளே, இரு கரையிலும் செம்மண் திட்டு உறுதியாக இருந்த, பழைய படங்கள் எதிலும் ஆறு இடம் மாறாத ஓர் இடத்துக்கு நகர்த்தினோம். பாதை சற்று நீண்டது. கரைமடிக் களத்தை விட்டு விலகித் தென்னந்தோப்பின் ஓரமாக அது வளைந்து சென்றது. அலை ஏறக்கூடிய தாழ்வான பகுதியில் மண்மேடு எழுப்பாமல், நீரும் மணலும் அடியில் புகுந்து போகும்படி சிறு தூண்களின் மேல் பலகை அமைத்தோம். மணல் அடிக்கடி இளகும் இடத்தில் பேவர் பிளாக், ஊருக்குள் கான்கிரீட் என்று தளத்தையும் பிரித்தோம். பேவர் பிளாக்கின் மேல் சக்கரம் சற்றுக் குலுங்கும் என்பது உண்மையே. ஆனால் அடியிலுள்ள மணல் போய்விட்டால் கற்களைப் பொறுக்கி எடுத்து அதே இடத்தில் திரும்ப அடுக்கலாம்.

கடினமான கேள்வி பாலத்தின் உயரம். கடல் சீறும் மாதங்களில் வள்ளங்களை ஆற்றுக்குள் கொண்டுவந்து கட்டுவது இவ்வூர் வழக்கம். வெள்ளக் காலத்திலும் வெளிப்பொருத்து எஞ்சினோடு, ஆள் நிமிர்ந்து நின்றபடி, வள்ளம் பாலத்துக்கு அடியில் போக வேண்டும் என்றார்கள் மீனவர்கள். அதன்படி கணக்கிட்டால் நடைதளம் கரையிலிருந்து 3.6 மீட்டர் உயர்ந்தது. விதிகள் அனுமதிக்கும் அதிகபட்சச் சரிவான 1:12 (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) என்றால் ஏறுதளம் 43 மீட்டர். 1:20 என்ற இதமான சரிவு என்றால் 72 மீட்டர், இடையில் நின்று இளைப்பாறும் சமதளங்கள் தனி. கிழக்குக் கரையில் சாலைக்கு முன் எங்களுக்குக் கிடைத்த இடமோ 50 மீட்டருக்கும் குறைவு. 1:12 போதும் என்றே நான் வாதாடினேன்.

முடிவெடுக்கும் முன் வலைக்கூடத்தில் மணல் மூட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் பலகை போட்டு, இரண்டு சரிவுகளையும் செய்து பார்த்தோம். மீன் விற்கும் அக்கா ஒருவர் நிறைந்த சருவத்தோடு நடந்து காட்டச் சம்மதித்தார். 1:12 சரிவில் ஏறியபோது அவருடைய அடிகள் குறுகின, ஆனாலும் ஏறிவிட்டார். திரும்பி இறங்கத் தொடங்கியதும் வலது கை தானாகவே மேலே போய்ச் சருவத்தைப் பிடித்தது, இடது கை பிடிமானத்துக்குக் காற்றில் துழாவியது, ஐஸ்நீர் காதோரம் வடிந்தது. இறங்கி முடித்து, "ஏறிரலாம் சாரே. எறங்கும்போதான் பயம். தலையில பாரம் இருந்தா காலு எங்க வைக்கோம்ணு கண்ணுக்குத் தெரியாது" என்றார். 1:20 சரிவில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் கையே உயரவில்லை. அந்த ஒரு நடைக்குப் பிறகு என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இடம் இல்லாத நிலையில் 1:20 சரிவைக் கொண்டுவர, பாலத்தின் தடிமனைக் குறைக்க வேண்டியிருந்தது. நடைதளத்துக்கு அடியில் ஆழமான உத்திரம் வைக்கும் வழக்கமான முறையை விட்டு, தூண்களுக்கு இடைப்பட்ட 36 மீட்டர் நடுக்கண்ணுக்கு வில்லும் நாணும் போன்ற எஃகு வளைவைத் தேர்ந்தெடுத்தோம். வளைவு தளத்துக்கு மேலே நிற்கும். தளம் அதிலிருந்து தொங்கும். 2024 டிசம்பரில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். இதனால் தளத்துக்கு அடியிலான ஆழம் 1.5 மீட்டரிலிருந்து 0.6 மீட்டராகக் குறைந்தது, ஏற்றம் 2.7 மீட்டராகவும் ஏறுதளம் 54 மீட்டராகவும் சுருங்கின. அதை ஒருமுறை வளைத்துக் கிழக்குக் கரையில் அடக்கினோம். இதற்கு விலை உண்டு: உப்புக்காற்றில் நிற்கும் எஃகைத் தவறாமல் பரிசோதித்து வண்ணம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செலவு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கக் கேட்டோம். அது எழுதப்படும் வரை வரைபடத்தில் நான் கையொப்பமிடவில்லை.

சுமைக் கணக்கில் சிக்கனம் பார்க்கவில்லை. கூட்டம் சேரும் இடங்களில் நடைபாலத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்பது இந்தியச் சாலைப் பேரவையின் (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) விதி. 3 மீட்டர் அகலப் பாலத்தில் அது ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒன்றரை டன். பத்து நாள் கோயில் திருவிழாவில் சப்பரம் பாலம் வழியே வரும் என்பதை ஊரார் முன்பே சொல்லியிருந்தார்கள். 2022 அக்டோபரில் குஜராத்தின் மோர்பியில் தொங்குபாலம் அறுந்து 130க்கும் மேற்பட்டோர் இறந்ததை அந்தக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் நினைவூட்டினார். அசைவையும் தனியாகச் சோதித்தோம். மனிதர் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறார்கள். பக்கவாட்டு உந்துதல் நொடிக்கு ஒன்று. பாலத்தின் இயல்பான அசைவு இந்த வேகத்தோடு ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும். 2000ஆம் ஆண்டு ஜூனில் லண்டனில் திறந்த மில்லெனியம் நடைபாலம் அந்தப் பக்கவாட்டு அசைவினால்தான் இரண்டே நாளில் மூடப்பட்டது.

கட்டுமானக் காலம்

கட்டுமானத்தில் பெரிய தடங்கல் இல்லை. இரண்டு சம்பவங்களை மட்டும் குறிப்பிடுகிறேன். அலை ஏறி இறங்கும் பகுதிக்கு இந்தியத் தரநிலை எம்40 என்ற வலுத் தரத்திலான கான்கிரீட்டையும், கம்பிக்கு வெளியே 75 மில்லிமீட்டர் மூடாக்கையும் கேட்கிறது. ஒரு தூண் தலையில், கான்கிரீட் இட வேண்டிய நாளின் காலையில், அந்த மூடாக்கு இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாகக் கருங்கல் ஜல்லித் துண்டுகள் செருகப்பட்டிருந்ததைக் கண்டோம். கம்பிக்கூட்டைத் தூக்கி, எல்லாவற்றையும் எடுத்து, திரும்பக் கட்டியதில் இரண்டு நாள் போயிற்று. கொத்தனார் கோபித்துக்கொண்டார். பழைய கடலோரக் கட்டடம் ஒன்றில் கம்பி துருத்தித் தளம் உதிர்ந்திருந்ததை அழைத்துப்போய்க் காட்டிய பிறகு, அவரே மற்றத் தூண்களில் அளவுகோலை வைத்துச் சரிபார்த்தார்.

மற்றது தண்ணீர். கலவைக்கு எடுத்த கிணற்றுநீர் மாசியில் சோதித்தபோது வரம்புக்குள் இருந்தது. கோடையில் கடல்நீர் உள்ளே ஊறும் என்பதால் சித்திரையில் மறுபடி சோதித்தோம். குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. அன்றிலிருந்து உள்ளூர்க் கிணற்றை விட்டு, உள்நாட்டிலிருந்து டேங்கரில் நீர் வந்தது. ஒரே சோதனையோடு விட்டிருந்தால் கம்பிக்குப் பக்கத்தில் நாங்களே உப்பை வைத்து மூடியிருப்போம்.

திறந்த பிறகு

முதல் ஆடியிலேயே பாதைக்குச் சோதனை வந்தது. காற்றில்லாத நாளில், மழையில்லாத வானத்தின் கீழ், கடல் ஊருக்குள் ஏறுவதைக் கள்ளக்கடல் என்பார்கள். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த நீள அலைகள் பல நாள் பயணித்து இங்கே வந்து சேர்வதால் நிகழ்வது அது. தூண்களின் மேல் அமைத்த பகுதிக்கு அடியில் நீர் புகுந்து வடிந்தது. பேவர் பிளாக் பகுதியில் ஒரு நீளம் குழிந்து சரிந்தது. ஊர் இளைஞர்களும் பணியாளர்களும் சேர்ந்து கற்களைப் பொறுக்கி ஒரு வாரத்துக்குள் திரும்ப அடுக்கினார்கள். பொழி அந்த ஆண்டு குருசடிப் பக்கம் முறிந்தது. முதல் வரைவில் கல்லணை நின்றிருக்கும் இடம் அதற்கு மறுநாள் இடுப்பளவு நீரில் இருந்தது.

நாங்கள் எதிர்பாராதது நெத்திலி. கான்கிரீட் பாதை மணல் ஒட்டாத, வெயில் நன்றாக விழும், சுத்தமான தளம். மீன்பாடு நன்றாக இருந்த வாரத்தில் ஊர்ப்பகுதிப் பாதை முழுவதும் வெள்ளி விரித்ததுபோல் நெத்திலி காய்ந்தது. மிதிவண்டிக்காரர்கள் புகார் சொன்னார்கள். அபராதப் பலகை வைக்க வேண்டும் என்று ஒரு யோசனையும் வந்தது. அதை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பெண்களின் பழைய காயவைக்கும் மணல்தான் பாதை ஆகியிருக்கிறது. இடத்தை எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள். மீதமிருந்த பணத்தில் பாதையை ஒட்டி உயரமான சிமெண்ட் களம் ஒன்று கட்டப்பட்டது. அதன் பிறகு பாதையில் மீன் விரிப்பது பெருமளவு குறைந்தது, முழுதும் நிற்கவில்லை.

கைப்பிடிக் கம்பி என் தவறு. 304 வகைத் துருப்பிடிக்காத எஃகைக் குறித்திருந்தேன். முதல் மழை முடிவதற்குள் ஒவ்வொரு வெல்டிங் மூட்டிலும் பழுப்புக் கறை வழிந்திருந்தது. அடித்தகட்டைப் பிடித்திருந்த சாதாரண இரும்பு போல்ட்டுகள் அதைவிட வேகமாக அரித்திருந்தன. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் தாழ்ந்தது கரையும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். மாலிப்டினம் சேர்ந்த 316 வகைக்குக் கம்பியையும் போல்ட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

மாற்றிச் செய்யக் கூடியவை

அடுத்த முறை முதல் அளவீட்டை அடைபட்ட பொழியைப் பார்த்துத் தொடங்க மாட்டேன். ஓர் ஆனியும் ஓர் ஐப்பசியும் பார்த்த பிறகே கோடு போட வேண்டும். அதற்கு ஓராண்டு ஆகும் என்பதை நிதி தருபவர்களிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். மீன் காயவைக்கும் களம் பாதைக்குப் பின் வந்தது. அது பாதைக்கு முன் கட்டி ஒப்படைக்கப்பட வேண்டியது. மோட்டார் பைக்குகளைத் தடுக்க நட்ட குட்டைத் தூண்கள் பைக்குகளைத் தடுக்கவில்லை, சக்கர நாற்காலியில் வந்த ஒரு முதியவரைத் தடுத்தன; இரண்டு தூண்களைப் பிடுங்கிவிட்டோம். இப்போது விடியலில் மீன் கொண்டுசெல்லும் பைக்குகளைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று இரு ஊர்ப் பேரவைகளும் தாங்களே முறை வைத்திருக்கின்றன.

ஒன்றில் மட்டும் எனக்கு இன்றும் முழு நிம்மதி இல்லை. 2017இல் ஒக்கி புயல் அடித்த பிறகு, ஆம்புலன்ஸ் கடக்கும்படி பாலம் வேண்டும் என்று கிழக்கு ஊர் கேட்டது. அகலமும் சுமையும் கூடினால் எல்லா வண்டிகளும் வரும், நடப்பவர்கள் ஒதுங்க வேண்டியிருக்கும், பணமும் போதாது என்பதால் மறுத்தோம். அதற்குப் பதில் இரு கரையிலும் ஸ்ட்ரெச்சர் வைக்கும் சிறு அறை கட்டிக் கொடுத்தோம். ஒரு பிரசவத்துக்கும் ஒரு மாரடைப்புக்கும் அது பயன்பட்டதாகச் சொன்னார்கள். மாரடைப்பு வந்தவர் பிழைக்கவில்லை. பாலம் அகலமாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். ஆனால் அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது அந்தக் கேள்வி என்னிடம் வரத்தான் செய்கிறது.

ஏலக்கூடத்தில் இப்போது ஒரு பதிவேடு இருக்கிறது. பொழி முறியும் நாள், முறிந்த இடம், அடையும் நாள் ஆகியவற்றை அந்த மூத்தவரின் பேரன் எழுதுகிறான். இடத்தைக் குறிக்க மீட்டர் கணக்கோடு தெங்கின் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறார் தாத்தா.